பத்தாவதோட குடிமையியல் முடிஞ்சு போகுது, பிளஸ் டூ வரைக்கும் எல்லா குரூப்புக்கும் கட்டாயமாக்கச் சொல்லிக் கேக்கலாமுங்களா?

கோபிப்பக்கம்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எம்பையன் கவர்மென்ட் ஸ்கூல்ல பத்தாவது முடிச்சு இப்ப பதினொண்ணுல பயோமேக்ஸ் குரூப் படிக்கறான், நான் அதே ஸ்கூல்ல பள்ளி மேலாண்மைக் குழுல பெத்தவங்க சார்புல இருக்கறனுங்க. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அவனையும் கூட்டிட்டுப் போனேன், பஞ்சாயத்து வரவு செலவுக் கணக்கை வாசிச்சுட்டு இருக்கறப்ப "இத எதுக்கும்மா நம்மகிட்ட வாசிக்கறாங்க, நாம வேண்டாம்னா நிறுத்திருவாங்களா"ன்னு காதுல கேக்கறான். சமூக அறிவியல்ல தொண்ணூறுக்கு மேல வாங்குன பையனுங்க அவன். ஜனாதிபதியத் தேர்ந்தெடுக்கற முறை, ராஜ்யசபா, சபாநாயகர் அதிகாரம் எல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். ஆனா எங்க வீதில லைட்டு எரியலைன்னா ஆருகிட்டப் போயி எழுதிக் குடுக்கோணும்னு தெரியல.

இனிமே சயின்ஸ் குரூப்புல குடிமையியல்ங்கற பேச்சே கெடையாது, ஆர்ட்ஸ் பக்கம் போனவங்களுக்கு மட்டும் அரசியல் அறிவியல் இருக்கு. இன்னும் ரெண்டு வருசத்துல இவனுக்கு ஓட்டு வந்துரும். ஓட்டு வர்றதுக்கு மொதல் ரெண்டு வருசம் முச்சூடும் அதப்பத்தி ஒரு வார்த்தை பேசாம அனுப்பறது நெம்ப வெசனமா இருக்குதுங்க. எங்கூட்டுக்காரரு "புள்ளைக நீட்டு, கட் ஆஃப்னு ஓடிட்டுக் கெடக்கறாங்க, நீ இன்னொரு பாடத்தைத் தலைல தூக்கி வெக்காத"ங்கறாரு. எனக்கு அப்படித் தோணல. எல்லா குரூப்புக்கும் கட்டாயம் வேணும்னு குழுவுல தீர்மானம் போடலாமா, அது செல்லுமா, இத நடத்திப் பாத்தவங்க ஆராச்சும் இருந்தாச் சொல்லுங்க.

ஈரோட்டு_சமூகஅறிவியல்:

நான் ஹைஸ்கூல் டீச்சருங்க அக்கா, இதே பாடந்தான் எடுக்கறேன். மொதல்ல புக்கு எப்படி இருக்குன்னு சொல்லிர்றேன். பத்தாவது சமூக அறிவியல்ல வரலாறு 10 பாடம், புவியியல் 7, குடிமையியல் 5, பொருளியல் 5, நாலும் ஒட்டுக்கா ஒரே பேப்பர், 100 மார்க். அந்த அஞ்சுல மூணு பாடம் அரசமைப்பு, மத்திய அரசு, மாநில அரசு, மிச்சம் ரெண்டும் வெளியுறவு. உள்ளாட்சி பத்தி ஆறாவதுலயும் ஒம்பதாவதுலயும் வருது, அதோட சரி. ரிவிஷன் டெஸ்ட் நெருங்க நெருங்க மேப்பு, காலக்கோடு, ஒரு மார்க்குனு ஓடறப்ப மொதல்ல கைவிடறது குடிமையியலத்தான், ஸ்கூலுக்கு ஸ்கூல் இதே கதைதான். பாடம் இல்லைன்னு சொல்ல முடியாது, அதுக்கு நேரந்தான் இல்ல.

ஒம்பதாவதுல உள்ளாட்சி பாடம் வந்தப்ப எல்லாரையும் அவங்கவங்க வீட்டு வரி ரசீதை எடுத்துட்டு வரச் சொன்னேன். பாதிப் பேர் வீட்டுல பீரோவக் கவுத்துத் தேடியிருக்காங்க. ஒரு புள்ள ரசீதைப் பாத்துட்டு "டீச்சர் இதுல நூலக வரின்னு போட்டுருக்கு, நாங்க லைப்ரரிக்கும் காசு கட்டறமா, அப்ப எங்கூரு லைப்ரரி ஏன் பூட்டியே கெடக்குது"ன்னு எந்திரிச்சுக் கேட்டுச்சு. வரி ஒரு ரூபாய்க்கு பத்து பைசா வீதம் நூலகத்துக்குப் போகுது, 1948ல வந்த நூலகச் சட்டம் அது, அன்னைக்குக் கல்வி மந்திரியா இருந்து அதக் கொண்டு வந்தவரு நம்ம திருப்பூர்க்காரரு அவினாசிலிங்கம் செட்டியாருன்னு சொன்னதும் கிளாஸே நிமுந்து உக்காந்துருச்சு. அந்தப் புள்ளைக எல்லாம் சேந்து மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு மனு எழுதுனாங்க. எழுத்துப்பிழைய மட்டும் நான் திருத்துனேன், சங்கதி முச்சூடும் அவங்களோடதுதான். மனுல பெறுநர், பொருள், தேதி எல்லாம் எப்படிப் போடறதுன்னு தமிழ்ப் பாடத்துல படிச்சது அன்னைக்குத்தான் வேலைக்கு ஆச்சு.

அதே பசங்க கேட்ட இன்னொண்ணு, "புக்குல அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா தேர்தல்னு இருக்குது, எங்கூர்ல தலைவரே இல்லியே டீச்சர்". நம்ம பக்கத்து மாவட்டங்கள்ல 2019 டிசம்பர்ல ஓட்டுப் போட்டு வந்தவங்க காலம் 2025 ஜனவரில முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போயிருச்சு, அதுக்கு முன்னாடி 2016ல முடிஞ்சப்பவும் மூணு வருசம் இதே நெலமைதான். பஞ்சாயத்துக் காலத்தைப் பத்தி அரசமைப்பு 243இ பிரிவு என்ன சொல்லுது, நடப்பு எப்படி இருக்குன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பேசாம அந்தப் பாடத்தை எப்படிங்க நடத்தறது.

பனியன்_ஊர்:

டீச்சர் மாதிரி எல்லாரும் எடுத்தா நான் ரெண்டு கையும் தூக்கறேன். ஆனா கட்டாயம்னு வந்தா நம்மூர்ல அது என்னவா மாறும்னு தெரியும், இன்னொரு புக்கு, இன்னொரு கைடு, இன்னொரு பரீட்சை. எங்கக்கா புள்ள அமெரிக்கால அரிசோனால இருக்குது, அங்க 2015ல ஒரு சட்டம் போட்டாங்க, அந்த நாட்டுக் குடியுரிமைக்கு அப்பக் கேட்ட 100 கேள்வில 60க்கு சரியாப் பதில் சொன்னாத்தான் ஹைஸ்கூல் முடிச்ச சர்ட்டிபிகேட்டுன்னு அப்ப வெச்சாங்க. அத மொதல்ல கொண்டு வந்ததே அந்த மாநிலந்தான், பொறகு பல மாநிலம் அதே வழில போச்சு. கேள்வி பூராவும் மொதல்லயே வெளில இருக்கு, மனப்பாடம் பண்ணி எழுதிட்டுப் போயிர்றாங்க. மனப்பாடத்துக்கு நம்ம புள்ளைகளுக்கு ஆரும் சொல்லித் தர வேண்டியதில்ல, அது நாமக்கல் பக்கத்து ஸ்கூலுக எல்லாம் உலகத்துக்கே சொல்லித் தரும்.

இன்னொரு பயமும் இருக்குதுங்க, மனசுல வெச்சுக்காம சொல்றேன். பதினாறு பதினேழு வயசுப் பசங்ககிட்ட அரசியல் பேசுனா வாத்தியாரு அவரு கட்சியத்தான் பேசுவாரு, இல்ல பேசறதுக்கே பயந்துட்டு புக்க வாசிச்சுட்டுப் போயிருவாரு. கட்டாயமாக்கறதுக்கு முன்னாடி இதுக்கு என்ன வழின்னு ஆராச்சும் யோசிச்சீங்களா?

மொடக்குறிச்சி_வெள்ளாமை:

தம்பி, நீங்க கேட்டது சரியான கேள்வி. ஊர் விசயம் பேசறது வேற, கட்சி பேசறது வேறன்னு புள்ளைகளுக்குப் பிரிச்சுக் காட்டறதுக்கு எங்கூர்லயே ஒரு பாடம் இருக்குது, எந்த ஸ்கூல்லயும் எடுக்கறதில்ல. 1996 சட்டமன்றத் தேர்தல்ல எங்க மொடக்குறிச்சி தொகுதில 1,033 பேர் நின்னாங்க. எங்க கொறைய ஆரும் காதுல வாங்கலைன்னு விவசாயிக கூட்டங்கூட்டமாப் போயி மனு தாக்கல் பண்ணுனோம். ஓட்டுச்சீட்டு ஒரு புஸ்தகமாவே அச்சடிச்சாங்க, தேர்தலையே தள்ளி வெச்சுத்தான் நடத்த வேண்டியதாப் போச்சு. எங்கய்யா அந்தப் புஸ்தகத்தைக் கைல வாங்கி பக்கம் பக்கமாத் தள்ளி முத்திரை குத்தற எடத்தைத் தேடுனத வீட்டுல வந்து சொல்லுவாரு.

அதுக்குப் பொறகு என்ன ஆச்சு தெரியுங்களா, அதே வருசம் சட்டத்தைத் திருத்தி எம்எல்ஏ டெபாசிட்டை 250ல இருந்து 5,000 ஆக்குனாங்க, இப்ப 10,000. சுயேச்சையா நிக்கறவங்களுக்கு முன்மொழிய பத்துப் பேர் வேணும்னாங்க. ஒரு தொகுதி விவசாயிக பண்ணுன போராட்டம் நாடு பூராவும் தேர்தல் விதிய மாத்துறதுல போயி நின்னுருக்கு. அது நல்லதா, ஏழை நிக்க முடியாமப் போச்சான்னு புள்ளைகளே ரெண்டு பக்கமா நின்னு பேசட்டும். இதுல எந்தக் கட்சிய வாத்தியாரு உள்ள கொண்டு வரப் போறாரு? கீழ்பவானி வாய்க்காலுக்கு கான்கிரீட் போடலாமா கூடாதான்னு எங்க வீட்டுக்குள்ளயே ரெண்டு கட்சி, ஓட்டுப் போடற கட்சி மட்டும் ஒண்ணுதான். இந்த மாதிரி விசயத்துல வாத்தியாரு ரெண்டு பக்கத்து ஆளுகளையும் கிளாசுக்குக் கூப்புட்டுப் பேச விடோணும், முடிவ அவரு சொல்ல வேண்டியதில்ல.

எம்பேத்தி இதே ஊர்ல பன்னண்டாவது படிக்குது. 1033ங்கற நம்பரையே கேள்விப்பட்டதில்ல.

முதல்_ஓட்டு_கோவை:

நான் பிளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல், இப்ப கோவைல காலேஜ். கோபிப்பக்கம் அக்கா, உங்க பையனுக்கு ஒண்ணு உடனே சொல்லுங்க, 17 முடிஞ்சதுமே வாக்காளர் லிஸ்ட்டுல பேர் சேக்கற ஃபார்ம் 6 குடுத்து வெக்கலாம், 18 ஆனதும் லிஸ்ட்டுல ஏத்துவாங்க, முன்னாடி மாதிரி ஜனவரி 1 மட்டுமில்ல, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1னு வருசத்துக்கு நாலு தேதி இருக்கு. எங்க செட்டுல பாதிப் பேருக்கு இது தெரியாம மொத தேர்தல் போயிருச்சு. ஒம்பதாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் ஓட்டு பத்திச் சொல்லித்தர ஸ்கூல்ல கிளப் வெக்கோணும்னு தேர்தல் கமிஷன் 2018லயே ஆரம்பிச்சது, எங்க ஸ்கூல்ல அது போர்டுல எழுதுன பேரா மட்டுந்தான் இருந்துச்சு.

பரீட்சை வேண்டாம்ங்கறதுல பனியன்_ஊர் அண்ணா கூட ஒத்துப்போறேன், ஆனா கட்டாயம் வேண்டாம்னா நான் ஒத்துக்க மாட்டேன். கட்டாயம் இல்லைன்னா கெமிஸ்ட்ரி சார் அந்த பீரியடை வாங்கிக்குவாரு, அவ்வளவுதான். பி.இ.டி. பீரியடு எங்க போச்சுன்னு எல்லாருக்கும் தெரியுமே. ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு எழுதறதை ஒருக்கா ஸ்கூல்லயே பழக்கி விட்டிருந்தா போதும், 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதிப் போட்டா 30 நாளைக்குள்ள பதில் சொல்லியாகோணும்ங்கறது எனக்கு காலேஜ் சீனியர் சொல்லித்தான் தெரிஞ்சுது. எங்க ஊர் பஸ்ஸை நிறுத்துனது ஏன்னு கேட்டு எழுதுனேன், பதில் வந்துச்சு, அந்தக் கடுதாசிய எங்கம்மா எல்லாருக்கும் காட்டிட்டு இருக்காங்க.

ஈரோட்டு_சமூகஅறிவியல்:

அக்கா, நீங்க கேட்ட தீர்மானம் விசயத்துக்கு வர்றேன். பாடத்திட்டம் மாத்தறது மாநில அரசு கைல, குழு தீர்மானத்தால அது மாறாது. ஆனா பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயார் பண்றது மேலாண்மைக் குழு வேலைதான், கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு, குழுல முக்கால்வாசி பெத்தவங்க, பாதிப் பேர் பொம்பளைங்க இருக்கோணும்னும் அதே சட்டந்தான் சொல்லுது. அதனால பதினொண்ணு பன்னண்டுல எல்லா குரூப்புக்கும் வாரம் ஒரு பீரியட், மார்க் கெடையாது, வருசத்துக்கு ஒரு ஊர் வேலைய புள்ளைக எடுத்து முடிக்கோணும், அந்த பீரியடை வேற பாடத்துக்குக் குடுக்கக் கூடாதுன்னு திட்டத்துலயே எழுதுங்க. ஹெச்.எம். கிட்ட மொதல்லயே பேசிருங்க, இல்லைன்னா டைம்டேபிள் போட்டாச்சுன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க.

அரசுக்குக் கோரிக்கையா அனுப்பறதுக்கு கிராம சபை தீர்மானமும் சேந்து இருந்தா பலம். அதுக்கு கோரம், அதாவது கொறஞ்சது இத்தனை பேர் வந்திருக்கோணும்ங்கற கணக்கு முக்கியம், ஊர் ஜனம் 500 வரைக்கும் இருந்தா 50 பேர், 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300 பேர் கையெழுத்து வேணும். தீர்மானத்தை நோட்டுல எழுதுன பொறகுதான் எந்திரிச்சு வரோணும், "அப்பறமா எழுதிக்கறோம்"னா விடாதீங்க.

பனியன்_ஊர்:

மார்க் இல்ல, வேலை மட்டும், ரெண்டு பக்கமும் பேசலாம்னா எனக்கு மறுப்பு இல்லீங்க. எங்க ஸ்கூல் குழுலயும் கேட்டுப் பாக்கறேன். நொய்யல்ல சாயத்தண்ணி கலந்தது, கரூர் வரைக்கும் விவசாயிக கோர்ட்டுக்குப் போனது, 2011 ஜனவரில ஹைகோர்ட்டு பட்டறைகள மூடச் சொன்னது, அப்ப வேலை போனவங்க பாடு, இத்தனையும் எங்க புள்ளைகளுக்கு அப்பன் ஆத்தா வாழ்க்கையே. அத அவங்க ஸ்கூல்ல பேசறதுக்கு ஒரு எடம் வேணும்.

கோபிப்பக்கம்:

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. எங்கூட்டுக்காரருகிட்ட இந்த பதிலுகள வாசிச்சுக் காட்டுனேன், மார்க் இல்லைன்னதும் பாதி எறங்கி வந்துட்டாரு. அக்டோபர் 2 கிராம சபைக்குக் கொண்டு போறதா முடிவு பண்ணியிருக்கறனுங்க, எங்கூருக்கு 100 பேர் வேணும், நூறு நாள் வேலைக்கு வர்ற அக்காங்ககிட்ட இப்பவே சொல்லிட்டு வர்றேன். பையனையும் அவன் செட்டுப் பசங்களையும் தீர்மானத்தை எழுதச் சொல்லியிருக்கேன். எழுதுனதும் இங்கயே போடறேன், டீச்சர் ஒருக்காப் பாத்துட்டு எங்க தப்பு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, திருத்தறத அவங்களே திருத்தட்டும்.