விழுந்த பல், வீங்கிய தாடை: எதற்கு விடியும்வரை காத்திருக்கலாம்?

திண்ணைவாசகி கேட்டது

வணக்கம். பத்து வயதாகும் என் மகன் சென்ற வெள்ளிக்கிழமை மாலை மிதிவண்டியிலிருந்து விழுந்ததில், மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று மண்ணில் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் அதைக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். என் மாமியாரோ, சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தால் புதுப்பல் முளைக்கும் என்றார். பிள்ளை பெரிதாக அழவும் இல்லை. கால் மணி நேரத்தில் இரத்தமும் நின்றுவிட்டது. ஆகவே அவனுக்குக் குடிக்கப் பால் கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு, கணவர் வேலையிலிருந்து திரும்பிய பிறகு, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் பல் மருத்துவரிடம் சென்றோம். அவர் பல்லைத் திரும்பப் பொருத்திக் கம்பி கட்டியிருக்கிறார். ஆனால் அது நெடுநாள் நிலைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறார்.

எனக்கு இரண்டு ஐயங்கள். அந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? இரண்டாவது, எங்கள் வீட்டில் பல் சம்பந்தப்பட்ட எதுவானாலும் கிராம்பும் உப்பு ஒத்தடமும் கொடுத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதே வழக்கம். எவற்றை அப்படி விடக் கூடாது?

ஓய்வுபெற்ற பல் மருத்துவர் எழுதியது

இவ்வளவு தாமதமான பிறகும் உங்கள் மருத்துவர் பல்லைத் திரும்ப வைத்தது சரியான முடிவுதான். அந்தப் பல் சில ஆண்டுகளே நின்றாலும், தாடை எலும்பு தேய்ந்து குறுகாமல் அவ்வளவு காலம் காத்துக் கொடுக்கும்.

நடந்தது என்னவென்று சொல்கிறேன். பல்லின் வேர் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. பல் கழன்று விழும்போது அந்தத் திசுவில் ஒரு பகுதி வேரின் மேல் ஒட்டிக்கொண்டே வருகிறது. அதிலுள்ள உயிரணுக்கள் உயிரோடு இருந்தால்தான் பல் இயல்பாகத் திரும்பப் பிடிக்கும். காற்றில் காய்ந்தால் கால் மணி நேரத்திலிருந்தே அவை மடியத் தொடங்குகின்றன; ஒரு மணி நேரம் உலர்ந்து கிடந்த பல்லில் அவை பிழைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதன் பிறகு வைத்தால் பல் எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும், உடல் அந்த வேரைச் சிறிது சிறிதாக அரித்து அந்த இடத்தில் எலும்பை நிரப்பிவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்தது அந்தத் திசுவையே உரித்தெடுத்தது போல். காகிதம் மிச்சத்தையும் உலர்த்திவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாளைக் குறை சொல்வதற்கில்லை. மண்ணில் விழுந்ததைக் கழுவ வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

செய்ய வேண்டியது இது. பிள்ளை மயங்கினானா, வாந்தி எடுக்கிறானா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் பல்லைவிடத் தலைக்காயம் முக்கியம். அவன் நிதானமாக இருந்தால், பல்லை வெள்ளையாகத் தெரியும் மேற்பகுதியில் மட்டும் பிடித்து எடுக்க வேண்டும், வேரில் விரல் படக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் குளிர்ந்த பாலிலோ, சலைனிலோ, அவனுடைய எச்சிலிலோ ஒருமுறை அலசி, அங்கேயே, அப்பொழுதே, குழிக்குள் மெல்ல அழுத்தி வைத்துவிட்டு, ஒரு கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் செய்து மருத்துவரிடம் ஓட வேண்டும். பெற்றோர் இதைச் செய்யத் தயங்குவார்கள். ஆனால் நான் பார்த்தவரையில், அப்படி வைத்துக்கொண்டு வந்த பிள்ளைகளின் பற்களே நன்றாகப் பிடித்தன.

வைக்கத் துணிவில்லையென்றால் பல்லைப் பாலில் போட்டுக் கொண்டுவர வேண்டும். பாலின் உப்புச்செறிவும் அமிலத்தன்மையும் உயிரணுக்களுக்கு ஒத்துப்போகின்றன. வெறும் தண்ணீரிலோ அவை ஊதி வெடித்துவிடும். பாக்கெட் பால் இல்லாவிட்டாலும் தேநீர்க் கடை இல்லாத தெரு நம் ஊரில் ஏது? சூடில்லாத, சர்க்கரை போடாத பாலாகக் கேட்டு வாங்குங்கள். (பிள்ளைக்குக் கொடுத்த பாலில் அரை டம்ளர் பல்லுக்கும் கிடைத்திருக்கலாம் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.) எதுவுமே கிடைக்காவிட்டால், காய விடுவதைவிடத் தண்ணீர் மேல். மண்ணில் விழுந்த காயம் என்பதால் டெட்டனஸ் ஊசியின் நிலையையும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் மாமியார் சொன்னது பால்பல்லுக்குப் பொருந்தும். பால்பல்லைத் திரும்பப் பொருத்தவே கூடாது. அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லை அது கெடுக்கும். மேல் நடு முன்பற்கள் ஏழெட்டு வயதிலேயே நிலைப்பற்களாக முளைத்துவிடுவதால், பத்து வயதுப் பிள்ளைக்கு விழுந்தது கூரைக்குப் போக வேண்டிய பல் அன்று.

வைகைக்கரையான் எழுதியது

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு என் தந்தையாருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவருக்கு நீரிழிவு உண்டு. கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று வலித்தபோது மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கி நான்கு நாள் சாப்பிட்டார். மூன்றாம் நாள் வலி அறவே நின்றுவிட்டதால் நாங்கள் எல்லோரும் நிம்மதியடைந்தோம். ஐந்தாம் நாள் காலையில் தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் வீங்கி, தொட்டால் பலகை போல இறுகியிருந்தது. வாயில் சோற்றுருண்டையை அடக்கிக்கொண்டு பேசுவது போலப் பேசினார். எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். நாங்கள் அப்பொழுதும் பல் மருத்துவமனை எப்பொழுது திறக்கும் என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தோம். உறவினர் ஒருவர் வற்புறுத்தியதால் 108-ஐ அழைத்தோம். அரசு மருத்துவமனையில் மூச்சுக்குக் குழாய் வைத்து, கழுத்தில் கீறிச் சீழை வெளியேற்றி, அந்தப் பல்லையும் எடுத்தார்கள். பதினொரு நாள் அங்கே இருந்தோம்.

ஓய்வுபெற்ற பல் மருத்துவர் எழுதியது

இதற்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். 1836-இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயரால் வழங்குகிறது. கீழ்த்தாடையின் இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பற்களின் வேர்நுனிகள், வாயின் தரையாக அமைந்த தசை தாடையில் ஒட்டும் கோட்டுக்கும் கீழே இருப்பதால், அங்கே பிடிக்கும் சீழ் வாய்க்குள் உடையாமல் நேராகக் கழுத்துப் பக்கம் இறங்கிவிடுகிறது. நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுவழி அடைபடும். விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை, குரல் மாற்றம், காய்ச்சலோடு கூடிய கழுத்து வீக்கம், கண்ணை மூடும் அளவுக்குக் கன்ன வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பல் மருத்துவமனையின் கதவைத் தட்ட வேண்டாம். மயக்க மருந்து நிபுணரும் அறுவைக் கூடமும் உள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

இதில் மக்கள் தவறாகப் புரிந்துகொள்வது வலியைத்தான். இரவெல்லாம் உறங்கவிடாமல் துடிக்கவைக்கும் பல்வலி பெரும்பாலும் பல்லுக்குள் இருக்கும் நரம்புக்கூழின் அழற்சி. கொடுமையானதுதான், ஆனால் வீக்கமும் காய்ச்சலும் இல்லாவிட்டால் வலிமாத்திரையோடு விடியும்வரை பொறுக்கலாம். அந்த வலிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. வலி திடீரென்று நின்றுவிட்டால் அந்தக் கூழ் செத்துவிட்டது என்றே பெரும்பாலும் பொருள். கிருமி வேர்நுனியைத் தாண்டி இறங்குவது அதற்குப் பிறகுதான். வீக்கத்தின் மேல் சூடான ஒத்தடம் கொடுப்பதையும், ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லிடுக்கில் அடக்கிவைப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பின்னது ஈற்றை வெந்துபோகச் செய்யும். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் ஒரு துளி நனைத்துப் பல்லின் குழியில் வைப்பதில் தவறில்லை.

இரவுப்பணிச் செவிலி எழுதியது

இரவில் எங்களிடம் அதிகம் வருபவர்கள் பல் பிடுங்கிய அன்று இரத்தம் நிற்கவில்லை என்று வருபவர்களே. எச்சிலோடு கலப்பதால் சிறிது இரத்தமும் வாய் நிறையத் தெரியும். சுத்தமான காஸ் துணியை மடித்துக் குழியின் மேல் வைத்து, நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் முப்பது நிமிடம் அழுத்திக் கடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். துப்புவதும் கொப்பளிப்பதும் உறைந்த கட்டியைப் பெயர்த்துவிடும். இரண்டு முறை இப்படிச் செய்தும் நிற்காவிட்டால், அல்லது இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், உடனே வர வேண்டும். அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

இன்னொன்று. பற்களில் குறையேதும் இல்லாமல், நடந்தாலோ படியேறினாலோ கீழ்த்தாடையில் வலி எழுந்து வியர்வையும் நெஞ்சு இறுக்கமும் சேர்ந்து வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம்.

திண்ணைவாசகி எழுதியது

எல்லோருக்கும் நன்றி. பால் கிடைக்காவிட்டால் இளநீரில் வைக்கலாம் என்று என் தம்பி சொல்கிறான், அது சரியா? இனி மகனின் பல்லில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற பல் மருத்துவர் எழுதியது

இளநீரை வைத்து ஆய்வகச் சோதனைகள் நடந்திருக்கின்றன. ஆனால் அதற்கு அமிலத்தன்மை கூடுதல். பல் காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வீட்டில் கிடைப்பவற்றுள் பாலே முதலில் நிற்கிறது. இளநீர்க் கடையைத் தேடும் நேரத்தில் பால் கிடைத்துவிடும்.

கம்பியை ஏறத்தாழ இரண்டு வாரத்தில் எடுப்பார்கள். அதுவரை குழைந்த சோறு, இட்லி போன்ற மென்மையான உணவு கொடுங்கள். மென்மையான பிரஷ்ஷால் பல் துலக்குவதை நிறுத்த வேண்டாம். வேர்நுனி மூடியிருந்தால் அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே வேர் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். உங்கள் மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்வார். பிறகு ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு, அதன்பின் குறைந்தது ஐந்தாண்டு வரை ஆண்டுக்கு ஒருமுறை காட்டுங்கள். அவன் வளரும் பிள்ளையாதலால், பக்கத்துப் பற்கள் இறங்கிவர இந்தப் பல் மட்டும் மேலேயே நின்றாலோ, மருத்துவர் தட்டிப் பார்க்கும்போது மற்றவை மந்தமாக ஒலிக்க இது மட்டும் கணீரென்று ஒலித்தாலோ, எலும்போடு ஒட்டத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். அப்போதும் உடனே பிடுங்கிவிட வேண்டியதில்லை. அவன் வளர்ச்சியைப் பார்த்து அடுத்த ஏற்பாட்டை முடிவு செய்ய அவகாசம் இருக்கும்.