நாபாவில் மூன்று நாள்: சேலையா, சுடிதாரா, என்ன எடுத்து வைப்பது?

கம்பத்துப் பந்தல்:

எல்லோருக்கும் வணக்கம். மகள் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் இருக்கிறாள். நானும் அவள் அப்பாவும் ஆகஸ்டில் வந்தோம். செப்டம்பர் கடைசியில் எங்கள் முப்பதாவது கல்யாண நாள். அதைச் சாக்காக வைத்து நாபா, சொனோமா பக்கம் ஒயின் தோட்டங்களுக்கு மூன்று நாள் கூட்டிப்போகிறாளாம். “அம்மா, ஒரு அவசரமும் கிடையாது, சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற ஊர். நல்லதா நாலு டிரெஸ் எடுத்து வை, ஃபோட்டோ எடுக்கணும்” என்கிறாள். எனக்குச் சிக்கலே அங்கேதான்.

நான் பிறந்தது கம்பம் பக்கம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை இருந்தது, இப்போது தம்பி பார்க்கிறான். தோட்டத்துக்குப் போவதென்றால் இருப்பதிலேயே பழசைத்தான் உடுத்துவோம். பந்தலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்து அடிப்பார்கள். போர்டோ கலவை என்று பெயர். அப்பாவின் சட்டை அத்தனையிலும் நீலத்திட்டு, எத்தனை துவைத்தாலும் போகாது. போர்டோ என்பது பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன ஊர் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். அதுவரை எனக்கு அது ஒரு மருந்து. திராட்சைத் தோட்டத்துக்குச் சிங்காரித்துக்கொண்டு போவது எனக்கு நாற்று நடப் பட்டுச்சேலை கட்டுவது மாதிரி இருக்கிறது.

கையில் இருப்பவை: ஏழு சேலை (இரண்டு சுங்குடி, ஒரு லினன், ஒரு பட்டு, மற்றவை வாயில்), இரண்டு சுடிதார், நடைப்பயிற்சிக்கு வாங்கிய ஸ்னீக்கர்ஸ். கவுன், பேண்ட் எல்லாம் எனக்கு வராது, அதை மட்டும் சொல்லாதீர்கள். குளிருமா, வேகுமா? நான் குடிப்பதில்லை. இவர் சைவம், ஆனால் ஒயின் என்றால் ஒரு வாய் குடிப்பார். குடிக்காதவள் அங்கே போய் என்ன செய்வது? சேலையோடு போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களா?

சன்னிவேல்வாசி:

அக்கா, குளிரும், வேகவும் செய்யும். இரண்டும் ஒரே நாளில். காலையில் சான் பாப்லோ விரிகுடாப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வரும், 10, 12 டிகிரிதான் இருக்கும். பதினோரு மணிவாக்கில் பனி விலகிவிடும். மூன்று மணிக்கு 32 டிகிரி சாதாரணம். இரவுக் குளிரும் பகல் வெயிலும் சேர்ந்துதான் அந்தத் திராட்சைக்கு ருசி என்பார்கள், ஆனால் நமக்கு அது உடுப்புப் பிரச்சினை. அதனால் கனமான ஒரே உடுப்பு வேண்டாம். காட்டன் சேலை, மேலே கழற்றக்கூடிய ஒன்று. மகளுடைய ஜீன்ஸ் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். சுங்குடிக்கு மேல் அது எவ்வளவு அழகாக இருக்கும் என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நாபா பள்ளத்தாக்கு முப்பது மைல் நீளம். தெற்கே கார்னெரோஸ் குளிர்ச்சி, வடக்கே கலிஸ்டோகா சூடு. எந்த நாள் எங்கே என்று கேட்டுக்கொண்டு சேலையை முடிவு செய்யுங்கள். ஒயின் பீப்பாய்களை மலையைக் குடைந்த குகையிலோ நிலவறையிலோ வைத்திருப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே மார்கழிக் காலை மாதிரி இருக்கும், கைப்பையில் ஒரு சால்வை அவசியம்.

பட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரு சொட்டுச் சிவப்பு ஒயின் போதும், ஆயுசுக்கும் வருத்தம். வெள்ளையும் வேண்டாம். படத்தில் எல்லாப் பெண்களும் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு நிற்பார்கள், அவர்கள் துணிச்சல் அது. காலுக்கு ஸ்னீக்கர்ஸ்தான். பாதி இடத்தில் சரளைக்கல், மீதி புல்தரை. கூர்முனை ஹீல்ஸ் போட்டவர்கள் நாற்றுப் போல ஊன்றி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மகளிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும், நாபாவில் பெரும்பாலான இடங்களில் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். போகவர நெடுஞ்சாலை 29-ஐ விடக் கிழக்கே இருக்கும் சில்வராடோ டிரெயில் நல்லது, நெரிசல் குறைவு, இரண்டு பக்கமும் கொடி. அப்புறம் யார் வண்டி ஓட்டுவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

பீப்பாய்:

சனி, ஞாயிறுகளில் ஒரு ஒயினரியில், அதாவது ஒயின் செய்கிற இடத்தில், ஊற்றிக்கொடுக்கும் வேலை பார்க்கிறேன், அதனால் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து சொல்கிறேன். சேலை கட்டியவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள், ஆமாம். “என்ன அழகு” என்று சொல்வதற்காக. வேறு ஒன்றும் இல்லை.

நாங்கள் முகம் சுளிப்பது ஒன்றுக்குத்தான்: வாசனை. சென்ட் அடித்துக்கொண்டு ஒருவர் வந்தால் பக்கத்து மேசைக்காரர் கிண்ணத்தில் மூக்கை விட்டால்கூட அந்தச் சென்ட்தான் வரும். கல்யாண நாள் என்று தலை நிறைய மல்லிகை வைக்கும் எண்ணம் இருந்தால் அதை இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அம்மா.

குடிக்காதவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். சும்மா பக்கத்தில் உட்காரலாம், காசு கேட்காத இடங்களும் உண்டு, பதிவு செய்யும்போதே விசாரித்துவிடுவது நல்லது. சார் எல்லாவற்றையும் விழுங்க வேண்டியதில்லை. மேசையில் ஒரு ஜாடி இருக்கும், வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அதில் துப்பலாம், மிச்சத்தைக் கொட்டலாம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். தொழில்முறையில் ருசி பார்ப்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். நம் ஆட்கள் “காசு கொடுத்தாச்சே” என்று முழுசாகக் குடித்துவிட்டு மூன்றாவது இடத்தில் சாய்ந்துவிடுகிறார்கள்.

சார் சைவம் என்றதால் ஒன்று. ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பாலிலிருந்து எடுக்கும் கேசீன், சில இடங்களில் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை, இவற்றைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். பிறகு அதெல்லாம் அடியில் தங்கிப் பிரிந்துவிடும், ஆனால் மனசு ஒப்பாதவர்கள் உண்டு. களிமண் மட்டும் பயன்படுத்துகிறவர்கள், ஒன்றுமே போடாதவர்களும் இருக்கிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், நாங்கள் பதில் சொல்லிப் பழகியவர்கள்.

கறை பட்டால் தேய்க்காதீர்கள். காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள், குளிர்ந்த தண்ணீர் விடுங்கள், மறுபடி ஒற்றுங்கள். வெந்நீர் கூடவே கூடாது.

தெற்குவாசல்:

மூன்று நாளும் நாபாவா? காசுதான் கரையும். ஒரு நாளாவது சொனோமா ஊருக்குள் போங்கள். நடுவில் எட்டு ஏக்கர் சதுக்கம், முழுக்க மர நிழல். மூலையில் பழைய மிஷன் தேவாலயம். மிஷன் என்றால் கிறிஸ்தவப் பாதிரிமார் அமைத்த குடியிருப்பு, இது 1823-இல் தொடங்கியது, கலிபோர்னியாவின் 21 மிஷன்களில் கடைசி. 1846-இல் கரடிக் கொடியை ஏற்றித் தனிக் குடியரசு என்று அறிவித்ததும் அந்தச் சதுக்கத்தில்தான், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. புளியோதரை கட்டிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்துவிடுங்கள். உடுப்பா? உடம்பில் ஏதாவது இருந்தால் சரி.

கம்பத்துப் பந்தல்:

போய்விட்டு வந்துவிட்டோம். கேட்டுவிட்டுக் காணாமல் போனால் நன்றாக இருக்காது, அதனால் எழுதுகிறேன்.

முதல் நாள் கார்னெரோஸ். கத்திரிப்பூ நிறச் சுங்குடி, மகளின் ஜீன்ஸ் ஜாக்கெட். கண்ணாடியில் பார்த்தபோது சிரிப்பு வந்தது, ஆனால் சன்னிவேல்வாசி சொன்னது சரி, அந்தப் படத்தைத்தான் மகள் சட்டம் போட்டு வைத்திருக்கிறாள். மேட்டில் அரண்மனை மாதிரி ஒரு கட்டடம், நுரைக்கும் ஒயின் செய்கிற இடம். பனி விலகும்வரை ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. இவர் கிண்ணத்தில் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் திராட்சை தலைக்கு மேலே பந்தலில் தொங்கும், அண்ணாந்து வெட்டி வெட்டியே கழுத்து போய்விடும். இங்கே வேலி மாதிரிக் கம்பி கட்டி வரிசை வரிசையாக விட்டிருக்கிறார்கள். குலை இடுப்பு உயரத்தில். இதைத் தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “கவாத்து சுலபம், ஆனா குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிருமே” என்று எழுதினான்.

இரண்டாம் நாள் கலிஸ்டோகா, லினன் சேலை. இத்தாலிக் கோட்டை மாதிரியே 107 அறைகளோடு 2007-இல் திறந்த ஒரு ஒயினரி. அகழி, பாலம், கோபுரம் எல்லாம் இருக்கிறது. புதுசைப் பழசாகக் காட்ட இவ்வளவு பாடா என்று எனக்குத் தோன்றியது, இவருக்கு வாய் மூடவில்லை. வெளியே அனல், நிலவறைக்குள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அப்புறம் மான்ட்டெலினா என்ற ஒயினரி. 1976-இல் பாரிஸில் பெயரை மறைத்து நடத்திய ருசிப் போட்டியில் பிரெஞ்சு ஒயின்களைத் தோற்கடித்த வெள்ளை ஒயின் அங்கேதான் செய்ததாம். நடுவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். இந்தக் கதையை இவர் அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

லினன் கசங்கும் என்று யாருமே சொல்லவில்லையே. காரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இறங்கினால் பிழிந்து போட்ட மாதிரி இருந்தது. சுங்குடிதான் ராஜா.

மூன்றாம் நாள் விடியற்காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிட்டது. நாங்கள் தங்கிய விடுதிக்குப் பின்னால் தோட்டம், அங்கே வெளிச்சம். சுடிதாரோடு போய் வேலி ஓரமாக நின்றேன். நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு வெட்டுகிறார்கள், தொட்டி நிறைந்ததும் ஓட்டமாக ஓடிப் போய்க் கொட்டுகிறார்கள். பழம் சூடாகிவிடக் கூடாது என்று இருட்டிலேயே அறுவடையாம். ஆணும் பெண்ணும் முழுக்கைச் சட்டை, தொப்பி, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. எல்லாம் பழசு. எங்கள் ஊர் ஆட்களை இருட்டில் பார்க்கிற மாதிரியே இருந்தது. ஒருவர் ஒரு சின்னக் குலையை நீட்டினார். சுண்டைக்காய் அளவுதான் பழம், தடித்த தோல், உள்ளே கொட்டை. ஆனால் என்ன இனிப்பு! பன்னீர் திராட்சை இவ்வளவு இனிக்காது, சொல்ல மனசு வரவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒரே வெட்டு என்றார்கள். கம்பத்தில் வருஷம் முழுக்க யாராவது ஒருவர் தோட்டத்தில் அறுவடை நடக்கும் என்றேன், நம்பினாரோ என்னவோ.

மதியம் சொனோமா சதுக்கம், புளியோதரை. தெற்குவாசல், உங்களுக்கு நன்றி. பீப்பாய் தம்பி, முட்டை விஷயத்தை இவரிடம் சொன்னேன். “வந்த இடத்தில் அதெல்லாம் பார்க்கக் கூடாது” என்றுவிட்டார்.

எச்சரிக்கை எல்லாம் எனக்குத்தான், இவரை மறந்துவிட்டோம். கடைசி மேசையில் பெரிய ரசிகர் போலக் கிண்ணத்தைச் சுழற்றினார். பாதி ஒயின் சந்தன நிறச் சட்டையில். ஒற்றினோம், குளிர்ந்த தண்ணீர் விட்டோம், மறுபடி ஒற்றினோம். சிவப்பு போய்ச் சாம்பல் கலந்த ஊதாத் திட்டாக நின்றுவிட்டது. தூக்கிப் போடலாம் என்றாள் மகள். மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஊருக்குப் போனதும் தம்பிக்குக் கொடுப்பேன், மருந்து அடிக்கும்போது போட்டுக்கொள்வான்.