தாத்தாவின் வில்வண்டி: தளர்ந்த சக்கரத்தை நீரில் ஊறப்போடலாமா?

பொருநைக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். வீரவநல்லூருக்குப் பக்கத்தில், என் அம்மாவின் பிறந்த வீட்டுத் தொழுவத்தில், தாத்தா ஓட்டிய வில்வண்டி ஒன்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. பங்குனி உத்திரம் வந்தால் அரிசி, பாத்திரம், பாய், தலையணை அத்தனையையும் ஏற்றிக்கொண்டு குடும்பமே அந்த வண்டியில் சாஸ்தா கோயிலுக்குப் போகும். இரவு மரத்தடியில் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, குழந்தைகளைக் கூண்டுக்குள் உறங்க வைத்து, மறுநாள் பொங்கலிட்டுத் திரும்புவார்கள். அப்படி உறங்கிய குழந்தைகளில் என் அம்மாவும் ஒருவர். வருகிற பங்குனி உத்திரத்துக்கு அவரை அதே கூண்டில் அமர்த்தி அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் ஆசை. மாடுகளை உறவினர் ஒருவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். திருநெல்வேலியில் வேலை பார்ப்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே எனக்குக் கிடைக்கிறது.

வண்டியின் நிலை இது. சக்கரங்கள் நாலரை அடி உயரம்; ஒவ்வொன்றிலும் 12 ஆரக்கால்கள், சேர்ந்து வட்ட விளிம்பாகும் வளைந்த மரத்துண்டுகளான 6 வட்டைகள். இரண்டையும் கையால் அசைத்தால் ஆரக்கால்கள் ஆடுகின்றன. விளிம்பைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டா விரல் நுழையும் அளவுக்கு விலகியிருக்கிறது. அதிர்வைத் தாங்கும் இரும்பு வில்லின் தகடுகள் துருவேறி ஒட்டிப்போயின. கூண்டின் மூங்கில் தொட்டால் மாவாக உதிர்கிறது. தேக்குச் சட்டம் மட்டும் உறுதியாக உள்ளது. அதன்மேல் பழைய பச்சை வண்ணம் செதில் செதிலாக இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிக் கன்னடியன் கால்வாயில் ஒரு வாரம் ஊறப்போட்டால் இறுகிவிடும் என்று ஊரில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? வேலையை எங்கிருந்து தொடங்குவது?

தச்சுப்பட்டறை:

தம்பி, ஊறப்போடாதீர்கள். என் தந்தை வண்டித் தச்சர்; அவருடன் இருபது ஆண்டுகள் சக்கரம் செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கோடையில் வண்டியை ஆற்றுக்குள் இறக்கி நிறுத்துவது பழைய வழக்கம்தான்; ஆனால் அது அன்றாடம் ஓடுகிற வண்டிக்கு, ஒரு பயணத்தைச் சமாளிப்பதற்காகச் செய்தது. நீர் குடித்த மரம் உப்பும்போது, சக்கரத்தின் நடுக்கட்டையான குடத்தின் துளைக்குள் இருக்கும் ஆரக்காலின் முனை போக இடமில்லாமல் தன் நாரையே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்த பிறகு அது முன்பிருந்ததைவிடச் சிறுத்துவிடும். ஒரு வாரம் இறுகியிருக்கும் சக்கரம் சித்திரை வெயிலில் முன்னைக் காட்டிலும் மோசமாக ஆடும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். அச்சுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, சக்கரம் கழலாமல் அச்சின் முனையில் செருகியிருக்கும் கடையாணியை உருவி, சக்கரத்தை வெளியே எடுத்து இடம், வலம் என்று குறியிடுங்கள். பிறகு வட்டையும் வட்டையும் சேரும் ஆறு மூட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூட்டில் நூலளவு இடைவெளி இருந்தால் நல்லது. பட்டா இறுக்கும்போது வட்டைகள் உள்ளே நகர்ந்து ஆரக்கால்களைக் குடத்துக்குள் தள்ளுவதற்கு அந்த இடைவெளிதான் வழிவிடுகிறது. வட்டைகளின் முனைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டும் ஆரக்கால் ஆடிக்கொண்டும் இருந்தால், பட்டாவை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. அப்போது மூட்டில் மெல்லிய வாளால் ஓர் இழை அறுத்து இடைவெளி உண்டாக்க வேண்டும். பலர் இதைக் கவனிக்காமல் பட்டாவை மட்டும் மாற்றிப் பணத்தை வீணாக்குகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி.

அடுத்து அளவு. ஒரு சிறு உருளையில் கோடு போட்டு, சக்கரத்தின் வெளிச் சுற்றில் உருட்டி எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். பின்னர் பட்டாவின் உட்சுற்றிலும் அதே உருளையை ஓட்டுங்கள். பட்டா சக்கரத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். உங்களுடையதை வெட்டிக் குறுக்கிப் பற்றவைக்க வேண்டியிருக்கும். நாலரை அடிச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 4.3 மீட்டர். அந்த நீளமுள்ள இரும்பு 500 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் ஓர் அங்குலம் நீளும். வரட்டியை வட்டமாக அடுக்கி, பட்டா முழுவதும் ஒரே சீராகச் சிவக்கும்வரை காய்ச்சி, மூன்று நான்கு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தில் இறக்கி, மரம் கருகுவதற்குள் நீர் ஊற்றிவிட வேண்டும். மூட்டுகள் ‘கிரீச்’ என்று நெரிந்து இறுகும் ஓசை காதில் விழும். இந்த ஒரு வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். பழகியவர் ஒருவர் உடன் நிற்கட்டும்.

உளுத்த ஆரக்காலை மாற்ற நேர்ந்தால் நன்றாகக் காய்ந்த நாட்டுக் கருவேலமரத்தையே தேடுங்கள். பச்சை மரத்தில் செய்தால் அது சுருங்கி, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

பேட்டை உலைக்களம்:

சக்கரத்தைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னதில் சேர்க்க எனக்கு எதுவும் இல்லை. வில்லைக் குறித்து மட்டும் எழுதுகிறேன். ஒட்டிய தகடுகளைப் பிரிக்க எரிவாயுத் தீயால் சூடேற்றிவிடாதீர்கள். விறைப்புப் போய், பாரம் ஏற்றியதும் வில் தொய்ந்துவிடும். மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். நடு ஆணியைக் கழற்றுமுன் தகடுகள் அனைத்தையும் பெரிய பிடிக்கட்டையால் இறுக்கிக்கொள்ளுங்கள். வளைவுக்குள் அடங்கியிருக்கும் விசை ஒரே நேரத்தில் விடுபட்டால் கையைப் பதம் பார்த்துவிடும். கம்பித் தூரிகையால் துருவை நீக்கியபின், நடு ஆணித் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் உடையும். விரிசல் இல்லையென்றால் தகடுகளுக்கிடையே கிராஃபைட் கிரீஸ் தடவி, எடுத்த வரிசையிலேயே மீண்டும் அடுக்குங்கள்.

சேரன்மாதேவி வாசகி:

அந்தப் பச்சை வண்ணத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் நாட்டில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. முப்பது ஆண்டுக்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே கருதிச் செயல்படுவது பாதுகாப்பு. ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், முகக்கவசம் அணியுங்கள், கீழே தார்ப்பாய் விரித்துச் செதில்களைச் சேர்த்தெடுங்கள். குழந்தைகளையும் மாடுகளையும் அருகில் விட வேண்டாம். தேக்குக்கு ஆளிவிதை எண்ணெய் போதும் என்பது என் கருத்து. ஆனால் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவையுங்கள்.

கால்வாயில் ஊற வேண்டியது கூண்டுக்கான புது மூங்கில்தான். இரண்டு மூன்று வாரம் ஓடும் நீரில் கிடந்தால் உள்ளிருக்கும் மாவுச்சத்துக் கரைந்து, பொடிவண்டு அவ்வளவாக அண்டாது. பிறகு 5 லிட்டர் நீரில் 100 கிராம் போரிக் அமிலமும் 150 கிராம் போராக்ஸும் கலந்து தடவுங்கள். மழை பட்டால் அது கரைந்துபோகும் என்பதால் வண்டி கூரைக்குள்ளேயே நிற்கட்டும். கூண்டின் உட்புறத்துக்குப் பத்தமடைப் பாய் வாங்குங்கள். உங்கள் அம்மாவின் முதுகுக்கு அந்தக் கோரையின் குளிர்ச்சி நன்றாகத் தெரியும்.

பொருநைக்கரையான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தச்சுப்பட்டறை அண்ணாச்சி சொன்னபடி இன்று இரு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்தேன். இடச் சக்கரத்தின் ஆறு மூட்டுகளிலும் இடைவெளி இருக்கிறது. வலச் சக்கரத்தில் நான்கு மூட்டுகள் முட்டி நிற்கின்றன. ஓர் ஆரக்கால் குடத்தருகே உளுத்தும் இருக்கிறது. அதனால் இடச் சக்கரத்துக்குப் பட்டாவை மட்டும் குறுக்குவது என்றும், வலச் சக்கரத்தைக் கருவேலம் கிடைக்கும்வரை திண்ணையில் சாய்த்து வைப்பது என்றும் முடிவு செய்திருக்கிறேன். மூங்கிலைக் கயிற்றில் கட்டி மாலையில் கால்வாயில் இறக்கிவிட்டேன். அம்மா கரையில் நின்று, கூண்டின் வாசல் எந்த உயரத்தில் இருந்தது என்று கையால் அளந்து காட்டினார். அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.