வீட்டுக்குள்ள எடுக்குற குழந்தை போட்டோ எல்லாம் கலங்கலா வருது, கேமரா பாடி மாத்தணுமா லென்ஸ் மாத்தணுமா?

மழைத்துளி:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேம விட சின்ன) சென்சார் கேமரா, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். வெளியில வெயில்ல எடுத்தா அருமையா வருது, ஆனா சாயங்காலம் வீட்டுக்குள்ள பொண்ணு ஓடி ஆடுறத எடுத்தா ஒண்ணு கலங்கலா இருக்கு, இல்லன்னா புள்ளி புள்ளியா நாய்ஸ். மூணு வயசு, ஒரு செகண்ட் சும்மா நிக்க மாட்டா. பெரிய சென்சார் இருக்குற ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கினாதான் தீரும்னு சிலர் சொல்றாங்க, லென்ஸ் மாத்தினா போதும்னு சிலர் சொல்றாங்க. இன்னொண்ணு, அதே சோபா அதே சுவர்னு எடுத்து எடுத்து புதுசா எதுவும் தோணவும் மாட்டேங்குது. நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்க?

பழையலென்ஸ்:
எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஏற்கனவே எடுத்த கலங்கல் படம் ஒண்ண நூறு சதவீதத்துக்குப் பெருசாக்கிப் பாருங்க. பின்னாடி அலமாரியில இருக்குற எழுத்தெல்லாம் தெளிவா இருந்து அவளோட கையும் தலைமுடியும் மட்டும் இழுத்துட்டுப் போயிருந்தா ஷட்டர் வேகம் பத்தலன்னு அர்த்தம். அலமாரியும் சேர்ந்து ஒரே திசையில இழுத்திருந்தா உங்க கை ஆடியிருக்கு. அவ கலங்கலா இருந்து பின்னாடி திரைச்சீலையோட நூல் வரைக்கும் தெரிஞ்சா ஃபோகஸ் போய் அங்க உக்காந்துருச்சு. மூணுக்கும் வைத்தியம் வேற வேற. லென்ஸ்ல இருக்குற ஸ்டெபிலைசேஷன் கை ஆட்டத்துக்கு மட்டும்தான் உதவும், குழந்தை ஓடுறத அது நிறுத்தாது.

நீங்க சொல்றத வெச்சுப் பாத்தா முதல் கேஸ்தான். ஓடுற குழந்தைக்கு 1/250 செகண்ட் ஷட்டர் வேகம் வேணும், குதிச்சா 1/500. கிட் லென்ஸ 35 மிமீ பக்கம் வெச்சா எஃப்/4.5, எஃப்/5-க்கு மேல திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் பெருசா திறக்கும்), அதே எடத்துல ஒரு 35 மிமீ எஃப்/1.8 ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) ஆறு ஏழு மடங்கு வெளிச்சத்த உள்ள விடும், இப்ப ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமராவோட உணர்திறன், ஏத்தினா நாய்ஸும் ஏறும்) 6400-ல எடுக்குற படத்த 1000 கிட்ட எடுத்துடலாம். ஃபுல் ஃப்ரேம்ல அதே எஃப் எண்ணுக்கு கிடைக்குற லாபம் ஒரு ஸ்டாப்பும் (ரெண்டு மடங்கு வெளிச்சம்) கொஞ்சமும்தான். அதனால என் ஓட்டு லென்ஸுக்கு. 50 மிமீ பக்கம் போகாதீங்க, உங்க சென்சார்ல அது 75, 80 மாதிரி நெருக்கிடும், ரூமுக்குள்ள பின்னாடி போகப் போக முதுகு சுவர்ல இடிக்கும்.

கும்மிருட்டு:
லென்ஸ் வர்ற வரைக்கும் இத பண்ணுங்க. ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டு மினிமம் ஷட்டர் ஸ்பீட 1/250-ல வெச்சுடுங்க, ரா ஃபைல்ல (கேமரா பதப்படுத்தாத மூல ஃபைல்) எடுங்க. நாய்ஸுக்கு பயந்து ஐஎஸ்ஓவ குறைச்சு இருட்டா எடுத்து அப்புறம் எடிட்டிங்ல தூக்கினா நாய்ஸ் குறையவே குறையாது, நிறைய கேமராவுல இன்னும் மோசமாத்தான் தெரியும். நாய்ஸ சாஃப்ட்வேர்ல குறைக்கலாம், அசைஞ்ச முகத்த ஒண்ணும் பண்ண முடியாது.

ஜன்னலோரம்:
லென்ஸ் வாங்குங்க, நல்லதுதான். ஆனா தலைக்கு மேல எரியுற லைட்டுக்குக் கீழ எஃப்/1.8 போட்டாலும் கண்ணுக்குழியில நிழல் விழத்தான் செய்யும், அத எந்த லென்ஸும் சரி பண்ணாது, அதனால பழையலென்ஸ் சொன்னதுக்கு முன்னாடி நான் வெளிச்சத்த வெப்பேன். பகல்ல ரூம் லைட்டெல்லாம் அணைச்சுடுங்க, இல்லன்னா முகத்துல ஒரு பக்கம் நீலமும் ஒரு பக்கம் மஞ்சளும் விழுந்து, நிறத்த சரி பண்ற ஒயிட் பேலன்ஸ்ல உயிர வாங்கும். விளையாட்டு சாமான ஜன்னலுக்கு ஓரிரு மீட்டருக்குள்ள கொட்டிடுங்க, அவளே வந்து உக்காருவா. நீங்க ஜன்னல் இருக்குற சுவரோட ஒட்டி நின்னா வெளிச்சம் அவ முகத்துக்கு பக்கவாட்டுல வரும், மூக்கு, கன்னம், இமை முடி எல்லாத்துக்கும் ஒரு உருவம் கிடைக்கும். நிழல் பக்கம் ரொம்ப கறுத்தா ஒரு வெள்ளைத் துணிய நாற்காலியில விரிச்சுப் போடுங்க, போதும்.

ராத்திரி எடுத்துத்தான் ஆகணும்னா எல்இடி லைட்ட கவனிங்க, படத்துல குறுக்கால பட்டை விழுந்தா சைலன்ட் (எலக்ட்ரானிக்) ஷட்டர ஆஃப் பண்ணிட்டு மெக்கானிக்கல்ல எடுங்க.

அதே சோபா அதே சுவர்னு சொன்னீங்களே, ஜோசப் சூடெக்னு தேடிப் பாருங்க. முதல் உலகப்போர்ல வலது கைய இழந்தவர், பிராக் நகரத்துல இருந்த புகைப்படக்காரர். 1940-லருந்து வருஷக்கணக்கா தன்னோட ஸ்டுடியோ ஜன்னல திரும்பத் திரும்ப எடுத்திருக்காரு. கண்ணாடியில படிஞ்ச ஈரம், பனி, வெளியில ஒரு வளைஞ்ச மரம், இவ்வளவுதான், ஆனா ஒரு படம் மாதிரி இன்னொண்ணு இருக்காது. ஏன்னா எடம்தான் அதே எடம், வெளிச்சம் அதே வெளிச்சம் இல்ல. உங்க சோபாவுக்கும் காலையில எட்டு மணிக்கு ஒரு முகம், நாலு மணிக்கு வேற முகம், கேமராவே இல்லாம ஒரு நாள் சும்மா அத கவனிச்சுப் பாருங்க.

மழைத்துளி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பழைய படங்கள பெருசாக்கிப் பாத்தேன், பாதிக்கு மேல அவ கை மட்டும்தான் இழுத்திருக்கு. ஜன்னல் பக்கம் எடுத்ததுல கண்ணுக்குள்ள ஜன்னலே சின்ன சதுரமா தெரியுது, அத பாத்ததும் அவ்வளவு சந்தோஷம்! தெரிஞ்சவங்ககிட்ட 35 எஃப்/1.8 வாங்கி கிட்டப் போய் எடுத்தேன், அதுல காது தெளிவா இருக்கு, கண்ணு சொதசொதன்னு இருக்கு. லென்ஸ் கோளாறா?

பழையலென்ஸ்:
லென்ஸ் மேல சந்தேகப்பட வேண்டாம். ஒரு மீட்டர் தூரத்துல எஃப்/1.8-ல தெளிவா இருக்குற ஆழமே 6 சென்டிமீட்டர் அளவுக்குத்தான், குழந்தையோட கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல அதுக்கு மேல தூரம் இருக்கு. அவ தலைய கொஞ்சம் முன்னாடி சாய்ச்சாலே கண்ணு வெளிய போயிடும். எஃப்/2.8-க்கு மாத்துங்க, கண்டினியூஸ் ஆட்டோஃபோகஸ் போடுங்க, கேமராவுல கண்ண தேடிப் பிடிக்கிற ஐ டிடெக்‌ஷன் இருந்தா ஆன் பண்ணுங்க, நடுப் புள்ளியில ஃபோகஸ் பிடிச்சு அப்புறம் கேமராவ திருப்புற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, புள்ளியையே கண்ணு மேல நகர்த்துங்க. அப்பவும் காதுலயே விழுந்தா ஒரே எடத்துல அசையாத பொம்மைய வெச்சு எடுத்து, எக்ஸிஃப் விவரத்தோட (படத்துக்குள்ளயே பதிவாகுற கேமரா செட்டிங்ஸ்) இங்க போடுங்க, பாத்துச் சொல்றேன்.