முன்னணை என்றால் எந்த அணை?

பாளையங்கோட்டையிலிருந்து:

சண்டே ஸ்கூலில் சின்னப் பிள்ளைகள் வகுப்பு என்னுடையது. டிசம்பர் வந்தால், இயேசு பிறந்ததைச் சொல்லும் பைபிள் வசனம் லூக்கா 2:7 தான் மனன வசனம். "பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள், நானும் டிக் போடுவேன். ஒரு வருஷம் அதைப் படமாக வரையச் சொன்னேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் பெரிய சுவர் எழுப்பி, மதகு மதகாகத் தண்ணீர் திறந்துவிட்டு, மேலே குழந்தையைப் படுக்க வைத்திருந்தான்.

"என்னலே இது?"

"முன்னணை டீச்சர். பாபநாசம் அணை மாதிரி."

தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற பிள்ளை வேறு எதை நினைக்கும்!

அடுத்த ஞாயிறு வகுப்பையே பக்கத்துத் தெருவில் மாடு வளர்க்கிற ஆச்சி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். முன்னணை என்றால் மாட்டுக்குத் தீனி போடுகிற தொட்டிதானே. அங்கே இருந்தது சிமெண்ட் தொட்டி. அடியில் நேற்றைய வைக்கோல், ஓரத்தில் காய்ந்துபோன புண்ணாக்கு. மாடு நக்கி நக்கி விளிம்பு வழவழவென்று இருந்தது. ஒரு பாப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுலயா படுக்க வச்சாங்க? நாறுதே" என்றாள். ஆமாம் என்றேன். எங்கள் வகுப்புக் குடிலில் சரிகைத் துணியும் சீரியல் லைட்டும் அதோடு போயிற்று. சில அம்மாக்களுக்குக் கோபம்தான்.

நாசரேத்திலிருந்து:

எங்களுக்கு வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் நாடகத்தில், குழந்தை இயேசுவைப் பார்க்க வருகிற ராஜா வேஷத்தில்தான் சண்டை. மத்தேயுவில் சாஸ்திரிகள் என்றுதான் இருக்கிறது, எத்தனை பேர் என்றே இல்லை. சரி என்று கேட்ட நாலு பையன்களையும் ஏற்றிவிட்டேன். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் மூன்று பேருக்குப் போக, நாலாமவன் அச்சுமுறுக்கு டப்பாவோடு வந்தான்.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து:

அக்கா, உங்களுக்கு முன்னணை, எங்களுக்குச் சத்திரம். 2023 டிசம்பர் 17, ஞாயிறு பெய்த மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான பேர் தவித்தார்கள். புதுக்குடி ஊர்க்காரர்கள்தான் சோறு பொங்கிப் போட்டார்கள். எங்கள் நாடகத் துணிமணியெல்லாம் வெள்ளத்தோடு போச்சு. 24-ம் தேதி, சேறு கழுவின தரையில் உட்கார்ந்து வசனத்தை மட்டும் வாசித்தோம். "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்" என்றதும் ஒருத்தன் எழுந்துவிட்டான்.

"ஏன் அண்ணே, பெத்லகேம் பக்கத்துல புதுக்குடி மாதிரி ஒரு ஊரு இல்லையா?"

எனக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. அப்புறம், "மேய்ப்பர்கள் வந்தாங்கல்லாலே, ராத்திரியோட ராத்திரியா" என்றேன்.

"சோறு கொண்டு வந்தாங்களா?"

பைபிளில் அப்படி இல்லை என்றேன்.

"கொண்டு வந்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.