விலகியவர்களின் வண்டியைப் பிடிக்க ஓடினேன்

நெடுந்தொலைவுப் போட்டியை இடையில் கைவிட்டவர்களும் கைவிடும் எல்லைவரை போய்த் திரும்பியவர்களும் அந்த நிமிடத்தில் தம் மனத்துக்குள் நடந்ததை இங்கே எழுத வேண்டும் என்று கேட்டிருந்தேன். கேட்டவன் என்ற முறையில் நானே தொடங்குகிறேன்.

அது என் இரண்டாவது மராத்தான். 42.195 கிலோமீட்டரில் 34-ஐத் தாண்டியதும் நின்றுவிட்டேன். தொடைகள் கல்லாய்க் கனத்தன. மூச்சு ஓரளவு சீராகவே இருந்தது, தசைப்பிடிப்பும் இல்லை. ஆயினும் இனி ஓரடிகூட ஓட முடியாது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயம் இருக்கவில்லை. சட்டையில் குத்தியிருந்த எண் அட்டையின் நான்கு ஊக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அட்டையை மடித்து வைத்துக்கொண்டு, சாலையோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. விலகியவர்களை ஏற்றிச் செல்லும் வண்டி சற்றுத் தள்ளி நின்றிருந்தது. அதன் கதவைச் சாத்தப் போகிறார்கள் என்று கண்டதும் எழுந்து ஓடினேன். ஐம்பது, அறுபது மீட்டர் இருக்கும். அன்று காலை முழுவதும் நான் ஓடிய வேகத்தைவிட அது அதிகம். இருக்கையில் அமர்ந்து மூச்சு வாங்கியபோதுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது.

பல மாதங்களுக்குப் பிறகு, மார்கோரா, ஸ்டயானோ என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட சோதனையைப் பற்றிப் படித்தேன். ரக்பி வீரர்கள் பத்துப் பேரை நிலைமிதிவண்டியில் அமர்த்தி, சராசரியாக 242 வாட் என்ற அளவில், இனி இயலாது என்று அவர்களே நிறுத்தும்வரை மிதிக்கச் செய்தார்கள். ஏறத்தாழ பத்து நிமிடங்களில் எல்லோரும் நிறுத்தினார்கள். நிறுத்திய கையோடு, ஐந்தே நொடிகள் முழு பலத்துடன் மிதிக்கச் சொன்னபோது அதே கால்கள் சராசரியாக 731 வாட் தந்தன. அதாவது 242 வாட்டுக்கு இயலாத கால்கள் அதைப்போல் மூன்று மடங்கு உழைத்தன. ஐந்து நொடி வலு வேறு, பத்து நிமிடத் தாக்குப்பிடிப்பு வேறு என்ற மறுப்பு நியாயமானதுதான். களைப்பற்ற நிலையில் அவர்களால் 1,000 வாட்டுக்கும் மேல் தர முடிந்தது என்பதால், தசைகள் ஓய்ந்திருந்ததும் பொய்யில்லை. ஆனால் அவர்களை நிறுத்தியது தசை மட்டும் அன்று என்பதை, வண்டிக்கு ஓடிய என்னிடம் யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

* * *

என் அனுபவம் போட்டியின் நடுவில் நிகழ்ந்ததன்று. முந்தைய நாளில் நிகழ்ந்தது. நான் கணக்குத் தணிக்கைத் துறையில் இருக்கிறேன். ஒருமுறை, அரை மராத்தானுக்கு முந்தைய நாள் காலை முதல் நள்ளிரவு வரை ஒரு கோப்பின் பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். நாற்காலியை விட்டு எழவே இல்லை என்பதால் கால்களுக்கு நல்ல ஓய்வு கிடைத்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் மூன்றாவது கிலோமீட்டரிலேயே பதினைந்தாவது கிலோமீட்டரின் சோர்வு வந்துவிட்டது. கைக்கடிகாரம் காட்டிய இதயத்துடிப்போ எப்போதும் போலவே இருந்தது.

மேலே எழுதிய நண்பர் குறிப்பிட்ட மார்கோராவே 2009-இல் வேறு இருவருடன் சேர்ந்து இதை ஆராய்ந்திருக்கிறார். பதினாறு பேர் ஒரு நாள் 90 நிமிடங்கள் கணினித் திரையில் இடைவிடாத கவனத்தைக் கோரும் பணியைச் செய்தார்கள். வேறொரு நாள் அதே நேரத்துக்கு ஆவணப்படம் பார்த்தார்கள். இரண்டு நாட்களிலும் அதன்பின் தங்கள் உச்ச வலுவில் 80 விழுக்காட்டில் மிதிவண்டி மிதித்தார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 நொடிகள் தாக்குப்பிடித்தவர்கள், மூளையைக் கசக்கிய நாளில் 640 நொடிகளில் நின்றுவிட்டார்கள். அந்த வேறுபாட்டை விளக்கும்படியான மாற்றம் எதுவும் இதயத்திலோ நுரையீரலிலோ காணப்படவில்லை. மிதிக்கத் தொடங்கியபோதே சிரமம் கூடுதலாகத் தோன்றியது, அவ்வளவுதான். இதைப் படித்த பிறகு, போட்டிக்கு முந்தைய நாள் நான் எந்த முடிவையும் எடுப்பதில்லை. எந்தக் காலுறை என்பதைக்கூட இரண்டு நாள் முன்பே எடுத்து வைத்துவிடுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

* * *

மிதிவண்டிக்காரன் நான், சுருக்கமாக எழுதுகிறேன். வேகமானியை ஒட்டுத்தாளால் மறைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என் சிரமத்துக்கு நானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான அளவுகோல் அது. 6-இல் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது: மதிப்பெண்ணைப் பத்தால் பெருக்கினால் இளவயதினர் ஒருவரின் இதயத்துடிப்பு தோராயமாகக் கிடைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எரிச்சலோடு வண்டியை எடுத்த நாட்களில் 150 துடிப்புக்கே 18 என்று போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ ஒரு மணி நேர மிதிவண்டிச் சோதனையின்போது மாவுச்சத்துக் கரைசலை விழுங்காமல் கொப்பளித்துத் துப்பியவர்களின் நேரம் சுமார் 3 விழுக்காடு மேம்பட்டது. அதே குழுவினர் குளுக்கோசை நேரடியாக இரத்தக்குழாயில் செலுத்திப் பார்த்தபோது பயன் இல்லை. வயிற்றுக்குள் போகாத சர்க்கரை காலுக்கு எப்படி உதவும் என்று நானும் கேலி செய்தவன்தான். கடைசி மேட்டில், வறண்ட வாயில் இனிப்புப் பட்ட மாத்திரத்தில் கால் இலேசாவதைப் பிறகு நானே உணர்ந்தேன்.

* * *

ஓடும்போது நமக்கு நாமே சொல்லிக்கொள்வதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. இரண்டு வாரங்கள் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள், மிதிவண்டிச் சோதனையில் முன்னைவிட 18 விழுக்காடு கூடுதல் நேரம் தாக்குப்பிடித்ததாக 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் வாசகங்களைப் பங்கேற்றவர்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். 'உன்னால் முடியும்' என்பதை நான் ஓர் ஆண்டு முயன்று பார்த்தேன். முப்பதாவது கிலோமீட்டரில் அந்தச் சொல் மேடைப் பேச்சாகக் காதில் விழுந்து ஆத்திரத்தைத்தான் கிளப்பியது. பிறகு எனக்கு வாய்த்தது, 'அந்தக் கம்பம் வரைக்கும்' என்ற மூன்றே சொற்கள். கம்பம் வந்ததும் அடுத்த கம்பம். இது ஒருவகையில் என்னையே ஏமாற்றுவதுதான். ஏமாறுகிறோம் என்று தெரிந்தும் கால்கள் ஒத்துழைப்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. பெண்கள் மராத்தானில் நெடுங்காலம் உலக சாதனையைத் தம்வசம் வைத்திருந்த பவுலா ராட்கிளிஃப், நூறு வரை மூன்று முறை எண்ணினால் ஒரு மைல் கடந்துவிடும் என்று கணக்கு வைத்து ஓடியவர். எண்ணிக்கை எனக்கு ஒத்துவரவில்லை. அறுபதுக்கு மேல் தப்பிவிடுகிறது.

* * *

இதுவரை எழுதியவர்களோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். இருந்தாலும் இந்தப் பேச்சு என்னை ஒருமுறை படுக்கையில் தள்ளியது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எல்லாம் மூளையின் பொய் என்ற கருத்தில் நான் தீவிரமாக ஊறியிருந்த காலம் அது. பயிற்சியின்போது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உட்புறத்தில், விரல்நுனி அளவே உள்ள ஓரிடத்தில் வலித்தது. போட்டியன்று அதே இடம் முதல் மணி நேரத்திலேயே குத்தத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்தேன், குறையவில்லை. நடந்தேன், அப்போதும் குத்தியது. 'இதுவும் பொய்தான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மீதி ஒன்பது கிலோமீட்டரையும் ஓடி முடித்தேன், பதக்கத்தையும் வாங்கினேன். எலும்பில் அழுத்த முறிவு, அதாவது ஓயாத பளுவால் விழும் மெல்லிய விரிசல், என்று மருத்துவர் காட்டினார். தரையில் காலை ஊன்றவே பல வாரங்கள் ஆயின.

சிரமம் வேறு, வலி வேறு என்பதை நான் அதற்குப் பிறகுதான் கற்றேன். சிரமம் உடம்பெங்கும் பரவியிருக்கும், வேகத்தைக் குறைத்தால் இறங்கும், தண்ணீரோ இனிப்போ நல்ல சொல்லோ கிடைத்தால் பேரத்துக்கு வரும். என் எலும்பு எந்தப் பேரத்துக்கும் வரவில்லை. வெப்பத் தாக்கு இதைவிடக் கொடியது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் அந்நிலையில் குழப்பமும் தடுமாற்றமும் முதல் அறிகுறிகளில் அடங்கும் என்பதால், தொடரலாமா என்று முடிவெடுக்க வேண்டிய மூளையே முதலில் கெடுகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் ஓடுபவர் 'நில்லுங்கள்' என்றால் நிற்க வேண்டும். மன உறுதியைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள் நண்பர்களே.

* * *

தொடங்கியவன் மீண்டும் வருகிறேன். எலும்பு முறிந்த நண்பர் சொன்னது என் பதிவில் இருந்திருக்க வேண்டிய பகுதி, ஒப்புக்கொள்கிறேன்.

அதன்பின் இன்னொரு மராத்தான் ஓடினேன். 34-ஆவது கிலோமீட்டரில் அதே கனம், அதே உறுதியான முடிவு. குறிப்பிட்ட இடத்தில் குத்துகிறதா என்று முதலில் பார்த்தேன், இல்லை. வண்டி புறப்படப் போகிறது என்றால் ஓடுவேனா என்று கேட்டுக்கொண்டேன். வெட்கத்தோடு 'ஆம்' என்றுதான் பதில் வந்தது. சிறிது ஓடி, சிறிது நடந்து, 5 மணி 3 நிமிடங்களில் முடித்தேன். ஏறத்தாழ ஒரு கோடி மராத்தான் முடிவு நேரங்களை ஆராய்ந்தவர்கள், 3 மணி, 4 மணி போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்னால் முடித்தவர்களின் கூட்டம் இயல்புக்கு மீறி அடர்ந்திருப்பதைக் கண்டார்கள். முழு எண் கண்ணில் பட்டால் ஓய்ந்த கால்களுக்கும் எங்கிருந்தோ வேகம் வந்துவிடுகிறது போலும். எனக்கு வரவில்லை. அந்த மூன்று நிமிடங்கள் இன்றும் உறுத்துகின்றன.

முடித்த பிறகு, வீடு திரும்பும் பேருந்து என் கண் முன்னே கதவைச் சாத்திக்கொண்டு நகர்ந்தது. ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். நின்று, அடுத்ததில் ஏறினேன்.