தபேலா சுருதி இறங்குகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். 1982-ல் பிரிட்டனில் மான்சூன் குழு வெளியிட்ட ‘எவர் ஸோ லோன்லி’ பாட்டை நண்பனின் கல்யாண வரவேற்பில் வாசிக்கப் போகிறோம். ஷீலா சந்திரா பாடியது. அங்கே தரவரிசையில் 12-ஆம் இடம் வரை போனது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை!

சிதார் பகுதியைக் கிட்டாரில் ஒப்பேற்றிவிட்டோம். தலைவலியே தபேலாதான். எங்கள் பாடகியின் சுருதி இரண்டு கட்டை (கீபோர்டில் D). கையில் இருப்பது ஒன்றரைக் கட்டை (C#) தபேலா. நேற்று சுத்தியால் விளிம்பைத் தட்டித் தட்டி அரைக் கட்டை ஏற்றினோம். இரண்டு முறை வாசிப்பதற்குள் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. தோலை இழுத்துப் பிடிக்கும் வாரை இறுக்கிக் கட்டினால் நிற்குமா, இல்லை வேறு தபேலா வாடகைக்கு எடுப்பதுதான் நல்லதா? மண்டபம் வேறு ஏசி.

அப்புறம் இன்னொன்று. இந்தப் பாட்டின் அழகே ஒரே சுருதி மேல் மிதப்பதுதான். எங்கள் கீபோர்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது, வரிக்கு வரி கார்டு (chord, சேர்த்துப் பிடிக்கும் சுரங்கள்) மாற்றுகிறார். ச-ப (ஷட்ஜம், பஞ்சமம்) இரண்டு சுரம் மட்டும் பிடித்துக்கொண்டிரு என்றால் கோபம் வருகிறது. பேஸ் கிட்டாரும் ஷட்ஜத்திலேயே நிற்கலாமா? இப்படி வாசித்துப் பழகியவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமை கடைசி ஒத்திகை.